நாலாம் பிறையைப் படம் பிடித்தவர்

மழை பெய்கிறது என்று அவரிடம் சொன்னால், ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டி, நனைந்த விரல்களைப் பார்த்துவிட்டுத்தான் ‘ஓம்’ என்பார். பாரிஸில் இருப்பவன் ஜன்னலைத் திறக்காமலே மழை என்று நம்பிவிடலாம். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அவர் நம்ப மாட்டார். “சாட்சி இருக்கோ?” என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்பார் என்பதை நான் எண்ணி வைத்ததில்லை. எண்ணியிருந்தால் இப்போது உங்களிடம் சாட்சியோடு பேசியிருப்பேன்.

எண்பதுகளின் நடுவில், லா ஷப்பேலில் ரயில் பாதையை ஒட்டிய ஓர் ஆறு மாடிக் கட்டடத்தில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். நான் நாலாவது மாடியில் மனைவியோடு. அவர் ஆறாவது மாடிக் கூரை அறையில் வேறு மூன்று பேரோடு. நான் புதுச்சேரிக்காரன், பிரெஞ்சுக் குடிமகன், தபால் இலாகா உத்தியோகஸ்தன். இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொள்ளும் வழக்கம் அப்போது எனக்கு இருந்தது. அவர் யாழ்ப்பாணத்தில் புகைப்பட ஸ்டூடியோ வைத்திருந்தவர். இங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய தற்காலிகத் தாள் ஒன்று கையில் இருந்தது. அதை எல்லோரும் ரெசிப்பிசே என்பார்கள். அகதி விண்ணப்பம் ஒருமுறை தள்ளுபடியாகி, மேல்முறையீட்டில் நின்றது. அதுவும் தள்ளுபடியானால் ரெசிப்பிசே போய்விடும், அவரும் போக வேண்டியதுதான்.

அந்த முதல் விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்தது நான்தான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும், சாப்பாட்டு மேசையில் தட்டச்சுப் பொறியை வைத்து, புதிதாக வந்தவர்களின் கதைகளைப் பிரெஞ்சில் எழுதிக்கொடுப்பேன். காசு வாங்க மாட்டேன். புகழ்ச்சி மட்டும் வாங்குவேன். பள்ளியில் பிரெஞ்சுக் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவன் என்பதால், யார் எவ்வளவு அழுது சொன்னாலும் இரண்டு பக்கத்தில் நறுக்கென்று முடித்துவிடுவேன். அவர் ஒரு பகல் முழுக்கச் சொன்னார். அவருக்கும் இரண்டு பக்கம்தான். சொன்னவற்றுக்குச் சான்று இல்லை என்று பதில் வந்தபோது, அந்த வரியைத் தமிழில் படித்துச் சொன்னவனும் நானே.

அதன் பிறகுதான் ஒரு பழைய கேமரா வாங்கினார். வாங்கியது முதல் அவருக்குக் கண் அது, நாக்கும் அதுதான். தண்ணீர்க் குழாய் ஒழுகினால் வீட்டுக்காரரிடம் சொல்லுவதற்கு முன் ஒரு படம். உணவகத்தில் வேலை தொடங்கும்போது தட்டுகளை அடுக்கி ஒரு படம், வேலை முடிந்து கிளம்பும்போது இன்னொரு படம். தட்டு உடைந்தது என்று யாரும் அவரை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. அரிசியில் வண்டு இருந்தால் வண்டோடு சேர்த்து ஒரு படம் பிடித்துக்கொண்டு கடைக்குப் போவார். கடைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது என்ரை கடை வண்டு எண்டதுக்குச் சாட்சி இருக்கோ?” என்று அவர் கேள்வியையே அவருக்குத் திருப்பிக்கொடுத்தார். அன்று மட்டும் அவர் சிரித்ததாக நினைவு.

சந்திரன் விவகாரமும் அந்தக் கடையில்தான் தொடங்கியது. கடைக்காரரும் யாழ்ப்பாணத்தவர்; பக்திமான், தூர தேசத்துக் குறைகளையெல்லாம் கணக்கெடுத்து வைத்திருப்பவர். ஒரு கோடை மாலையில் வாழைக்காய் நிறுத்துக்கொண்டே சொன்னார்:

“எங்கடை ஊரிலை பிறை தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும். இஞ்சத்தைப் பிறை குளிருக்கு விறைச்சுப்போய் நட்டுக்கு நிக்குது. சாமியின்ரை தலையிலை வைக்கேலாத பிறை!”

அங்கே நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நம்மவர் ஆட்டவில்லை.

“சாட்சி இருக்கோ அண்ணை?”

“வானத்திலை கிடக்குது, அண்ணாந்து பாருமன்.”

“பார்த்ததை நாளைக்கு ஆருக்குக் காட்டுறது?”

கேமராவோடு வந்த சாதாரண லென்ஸ் வில்லையில் பிடித்தால் சந்திரன் ஒரு வெள்ளைப் புள்ளியாகத்தான் விழுந்தது. நிற்கிறதா படுத்திருக்கிறதா என்பது புள்ளிக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறு பழைய சாமான் சந்தைக்குப் போய் ஒரு தொலைநோக்கியோடு வந்தார். முக்காலியில் ஒரு கால் இல்லாத தொலைநோக்கி. காலுக்குப் பதில் விளக்குமாற்றுத் தடி ஒன்றைக் கட்டினார்.

அவர் எனக்கு விளக்கியது இதுதான். தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கிற சின்ன வில்லையைக் கழற்றிவிட வேண்டும். கேமராவின் வில்லையையும் கழற்றிவிட வேண்டும். பிறகு இரண்டு வெறும் வாய்களையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால், தொலைநோக்கி முழுவதுமே கேமராவுக்கு வில்லையாகிவிடும். கேட்பதற்குச் சுலபமாக இருந்தது. சேர்ப்பதற்கு அந்தக் கோடை முழுதும் போயிற்று.

முதலில் பால்மா டின் ஒன்றை இருபுறமும் வெட்டி நடுவில் செருகினார். இடுக்கு வழியே வெளிச்சம் புகுந்து, பிலிம் முழுதும் சாம்பல் பூத்தது. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினார். கேமரா கனத்தில் தொங்கி, தலை கவிழ்ந்து நின்றது. கடைசியில் அளவெடுத்துப் படம் வரைந்து, ஒபர்வில்லியேயில் ஒரு கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோனார். அங்கே அலுமினியத்தில் ஒரு வளையம் கடைந்தார்கள். ஒரு பக்கம் கேமராவில் திருகிக்கொள்ளும் மரை, மறுபக்கம் தொலைநோக்கிக்குள் வழுக்கிக்கொண்டு போகும் குழல். மூன்று முறை கொண்டுபோய்த் திருப்பித் திருத்தினார். வளையம் பொருந்திய அன்று என் வீட்டுக்கு வந்து, பிள்ளை பிறந்த செய்தி சொல்பவர் போலக் கதவைத் தட்டினார்.

ஆனால் தெளிவு வரவில்லை. எதிர்வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்தால்கூடப் பஞ்சு போலத் தெரிந்தது. கேமரா இன்னும் நாலு விரற்கடை உள்ளே போனால்தான் பிம்பம் பிலிமில் கூர்மையாக விழுமாம். உள்ளே போக இடமில்லை. ஆகவே தொலைநோக்கியின் குழாயையே நாலு விரற்கடை அறுத்து எடுப்பது என்று முடிவு செய்தார்.

“தம்பி, நல்ல சாமானை அறுக்கிறீங்களே! அறுத்தப்புறம் ஒட்ட முடியாதே!” என்றேன்.

“கிட்டவே வராத சாமான் நல்ல சாமானோ ஐயா?” என்றார். அறுப்பதற்கு முன் குழாயை ஒரு படம் எடுத்துக்கொண்டார். அறுத்த பிறகும் ஒன்று.

அறுத்தது சரியாகவே அமைந்தது. மிச்சமிருந்தது நடுக்கம். பொத்தானை அமுக்கியதும் கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி படக்கென்று எழும். அந்த அதிர்ச்சி நீளக் குழாயில் ஓடி, சந்திரனைக் கலக்கிவிடும். அதற்கும் அவரிடம் வழி இருந்தது. ஒருவர் குழாயின் வாய்க்கு முன்னால் கறுப்பு அட்டையைத் தொடாமல் பிடிக்க வேண்டும். அவர் பொத்தானில் மாட்டிய நீளக் கம்பியை அமுக்கிக் கேமராவைத் திறந்தே வைப்பார். அதிர்ச்சி அடங்கியதும் “எடுங்கோ” என்பார். அட்டையை விலக்க வேண்டும். “மூடுங்கோ” என்றதும் மூட வேண்டும். இடையில் ஒரு இமைப்பொழுது. அந்த இமைப்பொழுதுக்கு அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

ஆவணி மாதத்து அமாவாசை கழிந்து, முதல் மூன்று நாளும் மேகம். நாலாம் நாள் வானம் துடைத்துவிட்டது போலத் தெளிந்தது. நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு என்பார்கள். அதிலும் அன்று விநாயக சதுர்த்தி. அன்றைய பிறையைக் கண்ணால் பார்த்தவனுக்கு வீண்பழி வரும் என்பதால், கடைக்காரர் மாலையிலேயே திரையை இழுத்துவிட்டு உள்ளே இருந்தார். நம்மவரைக் கண்டதும் எச்சரித்திருக்கிறார். நம்மவர் என்ன கேட்டிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என்னிடம் வந்து, “ஐயா, நீங்கள் வேதக்காரர்தானே. சதுர்த்தி உங்களுக்கு ஒண்டும் செய்யாது. அட்டை பிடிக்க வருவியளோ?” என்றார். கிறிஸ்தவனாக இருப்பதால் எனக்குக் கிடைத்த ஒரே தொழில்நுட்ப வேலை அதுதான்.

எட்டரை மணி இருக்கும். வெளிச்சம் முழுதும் போகவில்லை. கூரைச் சாளரத்தின் வழியே ஏறி, துத்தநாகத் தகட்டின் மேல் நின்றோம். அந்த மாதத்தில் அங்கே பிறை மேலே ஏறவே ஏறாது. தென்மேற்கில், எதிர்க் கட்டடத்துப் புகைபோக்கிகளை உரசிக்கொண்டு போகும். ஆகவே தொலைநோக்கியும் வானத்தைப் பார்க்காமல் கிட்டத்தட்டப் படுக்கையாகவே கிடந்தது. அவர் கேமராவின் கண்ணுக்குள் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். பிறை நிமிர்ந்துதான் நின்றது. ஓரத்தில் அம்மைத் தழும்பு போலப் பள்ளங்கள். இரண்டு புகைபோக்கிகளுக்கு நடுவில் அவ்வளவு அழகாக ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். “எடுங்கோ”, “மூடுங்கோ” என்று பதினொரு முறை ஆயிற்று. இறங்கும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் படம் பிடிக்க யாரும் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். அவரையும் கேமராவையும் தொலைநோக்கியையும் கொமிசாரியா என்கிற போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். மொழிபெயர்க்க என்னை மேல்மாடிக்காரர்கள் ஓடி வந்து அழைத்தார்கள்.

அதிகாரி புகாரை வாசித்தார். எதிர்க் கட்டடத்து ஐந்தாம் மாடியில் தனியாக இருக்கும் ஒரு முதிய மதாம் எழுதியது. உடை மாற்றும் நேரத்தில் ஒருவன் நீண்ட குழாயைத் தன் ஜன்னலுக்கு நேரே வைத்துப் படம் பிடித்தான். பக்கத்தில் உயரமான இன்னொருவன் கறுப்பு அட்டையை ஆட்டி யாருக்கோ சைகை காட்டினான். உயரமான அந்த இன்னொருவன் மேசைக்கு இந்தப்புறம் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான்.

“கூட நின்றவன் யார் என்று கேளுங்கள்,” என்றார் அதிகாரி.

கேட்டேன். தமிழில் கேட்கும்போது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அரசாங்க உத்தியோகம், ஓய்வூதியம், மனைவி, கோயிலில் என் இருக்கை எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து போயின. அவர் கண்முன் என்ன வந்து போயிற்றோ தெரியாது. அடுத்த மாதம் மேல்முறையீட்டு விசாரணை. இந்த நேரத்தில் இப்படி ஒரு வழக்குப் பதிவானால் கோப்பை மூடிவிட வேண்டியதுதான் என்று அவருடைய வக்கீல் தொலைபேசியில் சொல்லியிருந்தார். அவர் உண்மையைச் சொல்லிவிட்டால், தபால் இலாகா உத்தியோகஸ்தன் ஒருவன் அவருக்குச் சாட்சியாகக் கிடைப்பான். அவர் என்னைப் பார்க்காமல் அதிகாரியைப் பார்த்துச் சொன்னார்:

“ஒருத்தரும் இல்லை. நான் தனியத்தான் நிண்டனான். கறுப்பா ஆடினது என்ரை சட்டையாயிருக்கும், காயப் போட்டனான்.”

அந்த மனிதர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அது. அதை அட்சரம் பிசகாமல் மொழிபெயர்த்தேன். பிறகு அவர் பிலிமைக் காட்டி, “கழுவிப் பாருங்கோ, கழுவிப் பாருங்கோ” என்று இரண்டு கையாலும் கும்பிட்டார். போலீஸில் மாட்டியவன் பிலிமைக் கழுவச் சொல்லிக் கெஞ்சுவது அதிகாரிக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் போனோம். அதிகாரியின் மேசையில் படங்கள் பரப்பிக் கிடந்தன. ஒழுகும் குழாய், தட்டு அடுக்கு, மறுபடியும் தட்டு அடுக்கு, முழுக் குழாய், அறுத்த குழாய். பிறகு பதினொரு பிறை. பத்து கலங்கியிருந்தன. ஒன்று மட்டும், பச்சைப்பயறு அளவில், நிமிர்ந்து, கூராக, இரண்டு மங்கலான புகைபோக்கிகளுக்கு நடுவில். மதாமின் ஜன்னல் எதிலும் இல்லை. அதிகாரி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “என் மகளுக்கு ஒரு பிரதி கிடைக்குமா?” என்று கேட்டார். குறித்த நாளில், குறித்த நேரத்தில், மேற்படி நபர் சந்திரனைப் படமெடுத்துக்கொண்டிருந்தார், குற்றம் ஏதும் இல்லை என்று தாளில் எழுதி முத்திரை குத்திக்கொடுத்தார். நம்மவர் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கினார். அவர் சொன்ன ஒன்றைப் பிரெஞ்சு அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை.

லா ஷப்பேலில் அந்தத் தாள் வேறு விதமாக வாசிக்கப்பட்டது. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதியைப் பார்த்தார். “சதுர்த்தி நாள். பிறையைப் பார்த்ததாக அரசாங்கமே எழுதித் தந்திருக்குது. மூண்டாம் நாள் வீண்பழி. இதுக்கு மேலை என்ன சாட்சி வேணும் உமக்கு?” என்றார். நம்மவர் படத்தை எடுத்து நீட்டினார். பிறை நட்டுக்கு நிற்பது படத்தில் நிரூபணமான தன் வெற்றியைக் கடைக்காரர் கவனிக்கக்கூட இல்லை. பாவம் தொற்றும் என்று படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கைகழுவப் போய்விட்டார்.

விசாரணை நாளன்று நானும் போனேன். மொழிபெயர்க்க அங்கே வேறொருவர் இருந்தார். நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். அவர்களில் ஒருவர் கோப்பைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: “நீங்கள் படம் பிடிப்பவர். உங்கள் ஸ்டூடியோ எரிக்கப்பட்டது என்கிறீர்கள். எரிந்ததற்கு ஒரு படம்கூட இல்லையே?”

கேலியாகக் கேட்கவில்லை. அதே கேள்வியை இத்தனை நாளும் ஊரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர் நம்மவர்தான். இப்போது அவர் பதில் சொன்னார்:

“எரியிறதைப் படம் பிடிக்கிறதுக்குக் கமெரா வேணும் ஐயா. என்னட்டை இருந்த மூண்டு கமெராவும் உள்ளுக்கைதான் எரிஞ்சுகொண்டிருந்தது. நான் றோட்டிலை வெறுங்கையோடை நிண்டு பார்த்தனான்.”

மொழிபெயர்ப்பாளர் அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். கேட்டவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“இதை முதல் விண்ணப்பத்தில் ஏன் சொல்லவில்லை?”

“சொன்னனான்,” என்றார் அவர். திரும்பிப் பார்க்கவில்லை.

சொல்லத்தான் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை, என் சாப்பாட்டு மேசையில், எந்தக் கேமரா எந்தத் தட்டில் இருந்தது, எது முதலில் வெடித்தது என்றுகூடச் சொன்னார். எனக்கு அது வளவளப்பாகப் பட்டது. ‘அவருடைய வணிக நிலையம் தீக்கிரையாக்கப்பட்டது, உயிருக்கு அஞ்சி வெளியேறினார்’ என்று நல்ல பிரெஞ்சில் எழுதினேன். அதற்கு முன் வந்தவருக்கும் அதே வரி, பின் வந்தவருக்கும் அதே வரி. கடை வைத்திருந்தவர்களுக்கெல்லாம் நான் ஒரு வரி தயாராக வைத்திருந்தேன். அந்தப் பிறையை நானும்தான் பார்த்தேன். எனக்கு வந்த வீண்பழியைக் கொமிசாரியாவில் அவர் வாங்கிக்கொண்டார். எனக்கு நியாயமாக வர வேண்டிய பழியோ வரவேயில்லை. அன்று மெத்ரோவில் வீடு திரும்பும்வரை நான் அவரிடம் வானிலை பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன்.

சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அதை அவர் என்னிடம் நாலாம் மாடிக்கு எடுத்து வந்தார். நின்றபடியே படித்தேன். அவர் நேரில் சொன்னது நம்பத்தக்கது என்று கொண்டு, அகதியாக ஏற்றிருந்தார்கள். என் மனைவி உள்ளே இருந்து சர்க்கரை எடுத்து வந்து அவர் வாயில் போட்டாள். அவர் அதை மென்றுகொண்டு, கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

“என்னா தம்பி, சந்தோஷமா இல்லையா?”

“சந்தோஷம்தான் ஐயா. ஆனா புதுச் சாட்சி ஒண்டும் நான் குடுக்கேல்லையே. முதல் சொன்னதைத்தானே திருப்பிச் சொன்னனான். அண்டைக்கு நம்பாததை இண்டைக்கு எப்படி நம்பினவை?”

“அதெல்லாம் எதுக்கு இப்ப? கிடைச்சுடுச்சில்ல.”

“இல்லை ஐயா. அப்ப நீங்கள் எழுதின கடுதாசியின்ரை நகல் உங்களிட்டை இருக்கோ? அதையும் இதையும் பக்கத்திலை வைச்சுப் பார்த்தால் எனக்கு விளங்கும்.”

தட்டச்சு செய்யும் எல்லாவற்றுக்கும் கார்பன் நகல் எடுத்து வைப்பது தபால் இலாகாவில் வந்த பழக்கம். நகல்கள் எல்லாம் அவர் கை ஊன்றி நின்ற அந்த மேசையின் இழுப்பறையில்தான் இருந்தன. அவருடையது மேலிருந்து ஏழாவதோ எட்டாவதோ.

“இல்லை தம்பி. நான் நகல் வச்சுக்கிறதில்லை,” என்றேன்.

“ஓம், ஐயா சொன்னால் சரி,” என்று கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவர் படியேறிப் போனார்.